பெரியம்மா எந்தப் பெயரில் இருக்கிறார்?

கேள்வி: என் பெரியம்மா அறுபதுகளில் இங்கே சிங்கப்பூரில் மேடை நாடகங்களிலும் வானொலி நாடகங்களிலும் நடித்தவர். அவரைப் பற்றி விக்கிப்பீடியாவில் எழுதினேன். இரண்டே நாளில் நீக்கிவிட்டார்கள். பெண் என்பதாலா? விட்டுவிடட்டுமா?
- ஒரு வாசகி, ஈசூன்

பதில்: விட்டுவிடாதீர்கள். கனடா இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்டுக்கே இது நடந்திருக்கிறது. 2018 மே மாதம் அவரைப் பற்றிய வரைவை, சான்று போதாது என்று ஆங்கில விக்கிப்பீடியாவில் ஏற்கவில்லை. அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு! அதன்பிறகே கட்டுரை வந்தது. ஏற்கெனவே வெளியில் வந்த சான்றுகளை வைத்துத்தான் விக்கிப்பீடியாவில் எழுத முடியும். பெண்களைப் பற்றி அச்சில் வந்ததே குறைவு. கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. 2015இல் பெண்களைப் பற்றிய கட்டுரைகளைக் கூட்ட 'விமன் இன் ரெட்' தன்னார்வலர்கள் இறங்கியபோது, ஆங்கில விக்கிப்பீடியாவின் வாழ்க்கை வரலாறுகளில் பெண்களுடையவை சுமார் 15 விழுக்காடு. இப்போது 20ஐ ஒட்டி நிற்கிறது. அத்தனையும் ஒவ்வொரு கட்டுரையாக எழுதிச் சேர்த்தது.

சரி, உங்கள் பெரியம்மாவுக்கு வருவோம். அவரை எந்தப் பெயரில் தேடினீர்கள்? பழைய செய்தித்தாள்களில் நம் பெண்கள் பலர் 'திருமதி' என்ற சொல்லுக்குப் பின்னால் கணவர் பெயரில் ஒளிந்திருக்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் அப்பாவின் தலைப்பெழுத்து, பின்னால் கணவருடையது. மேடைக்கு வேறொரு பெயரும் இருந்திருக்கலாம். ஒரே ஆள் மூன்று பேராகச் சிதறிக் கிடப்பார். அவரிடமே உட்கார்ந்து எல்லாப் பெயர்களையும், நாடகங்கள் நடந்த ஆண்டுகளையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். அப்புறம் பழைய செய்தித்தாள்களைச் சேர்த்து வைத்திருக்கும், தேசிய நூலக வாரியத்தின் 'நியூஸ்பேப்பர்எஸ்ஜி' இணையத்தளத்தில் அந்த ஆண்டுகளின் தமிழ் முரசைப் புரட்டுங்கள். விக்டோரியா ஸ்திரீட் நூலகத்தில் நூலகரிடம் கேட்டால் கைகொடுப்பார்கள்.

விளம்பரத்தில் பெயர் மட்டும் வந்திருந்தால் போதாது. அவர் நடிப்பைப் பற்றி யாராவது நாலு வரி எழுதியிருக்க வேண்டும். அப்படி இரண்டு மூன்று கிடைத்தால், கட்டுரையை நீங்கள் எழுதாதீர்கள். சொந்தக்காரர் எழுதினால் சந்தேகப்படுவார்கள், அது நியாயம்தான். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் யாரிடமாவது சான்றுகளைக் கொடுங்கள். 'ஈடு இணையற்ற' போன்ற சொற்களை அவர்கள் வெட்டினால் வருத்தப்பட வேண்டாம். ஆண்டும் நாடகத்தின் பெயரும் நிற்கட்டும்.

ஒன்றுமே கிடைக்காவிட்டால்? விக்கிப்பீடியாவில் இப்போதைக்கு இடமில்லை. ஆனாலும் பெரியம்மா பேசுவதைப் பதிவு செய்யுங்கள், படங்களின் பின்னால் தேதியும் பெயர்களும் எழுதிவையுங்கள். நாளைக்கு நம் நாடக வரலாற்றை எழுத வருகிறவருக்கு அதுதான் முதல் சான்று.