மகன் விளையாடவில்லை, அம்மா

அன்புள்ள அம்மாவுக்கு,

சென்ற புதன்கிழமை உங்கள் மகனையும் கூட்டிக்கொண்டு கோண்டாவிலிலிருந்து வந்திருந்தீர்கள். போகும்போது வாசலில் நின்று, "இரவு இரண்டு மணி வரைக்கும் ஒரு பழைய வீடியோ கேமோடு மினக்கெடுகிறான். இதற்காகவா உயர்தரத்தில் அவ்வளவு பாடுபட்டுப் படித்தான்?" என்று கேட்டீர்கள். செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்கும் ஒருவருக்கு அவசரமாகச் சொல்லக்கூடிய பதில் என்னிடம் இருக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

தம்பி அந்த கேமை விளையாடுவதில்லை. அதன் நிரலைத் திரும்ப எழுதுகிறார். இருபது வருடங்களுக்கு முன்னர் யாரோ சி என்ற நிரல் மொழியில் எழுதியதைக் கொம்பைலர் என்ற மென்பொருள் இயந்திர மொழியாக மாற்றியது. விற்பனைக்கு வந்தது அந்த இயந்திர மொழி மட்டும்தான். அதை வாசித்து, மூலத்தில் என்ன எழுதியிருப்பார்கள் என்று ஊகித்து, மறுபடியும் சி மொழியில் எழுதுகிறார்கள். ஒடியற்கூழைக் குடித்துப் பார்த்து எதெது எந்த ஒழுங்கில் போடப்பட்டது என்று சொல்வதைப் போன்றது இது. சொன்னால் மட்டும் போதாது. அதே சட்டியில், அதே அடுப்பில் காய்ச்சி, அதே ருசியைக் கொண்டுவந்து காட்டவும் வேண்டும். சட்டியும் அடுப்பும் என்று நான் சொல்வது அந்தக் காலத்துக் கொம்பைலரையும் அதற்குக் கொடுத்த கட்டளைகளையும். பதிப்பு ஒன்று மாறினாலும் ருசி மாறிவிடும்.

நீங்கள் வெளியே இருந்த நேரத்தில் மடிக்கணினியைத் திறந்து காட்டச் சொன்னேன். திரையில் இரண்டு பத்திகள். இடப்பக்கம் பழைய நிரலின் கட்டளைகள், வலப்பக்கம் தம்பி எழுதிய சி நிரலிலிருந்து வந்தவை. ஒப்ஜ்டிஃப் என்ற கருவி இரண்டையும் வரிக்கு வரி வைத்து, வேறுபடும் இடங்களை நிறத்தில் காட்டுகிறது. அறுபது வரி அளவான ஒரு ஃபங்ஷனில், அதாவது நிரலின் ஒரு சிறு பகுதியில், நாலைந்து வரிகள் மட்டும் நிறமாக இருந்தன. ரெஜிஸ்டர் என்பது புரொசசருக்குள் ஒரு மதிப்பை வைக்கும் சிறு இடம். பழைய நிரல் ஒரு மதிப்பை 31ஆம் ரெஜிஸ்டரிலும் இன்னொன்றை 30ஆம் ரெஜிஸ்டரிலும் வைத்திருந்தது. தம்பியுடையது அவற்றை இடம்மாற்றி வைத்திருந்தது. கணக்கின் விடை ஒன்றுதான். வேறு யாராக இருந்தாலும் இத்தோடு விட்டிருப்பார்கள். தம்பி கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு மாறிகளை அறிவித்த வரிகளை மேலும் கீழுமாக மாற்றிச் சேமித்தார். நிறங்கள் எல்லாம் மறைந்தன. நூறு சதவீதம். அப்போது அவருடைய முகத்தில் தெரிந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும், அம்மா.

பழைய முழு நிரலையும் புதிய முழு நிரலையும் ஒப்பிடாமல் ஏன் இந்தச் சிறு துண்டுகளை ஒப்பிடுகிறாய் என்று கேட்டேன். தெரிந்துகொண்டுதான் கேட்டேன். தம்பியின் விளக்கம் ஒரு விரிவுரையாளர் சொல்லக்கூடிய அளவுக்குத் தெளிவாக இருந்தது. ஒவ்வொரு மூலக்கோப்பையும் கொம்பைலர் தனித்தனி ஒப்ஜெக்ட் கோப்பாக்கும். லிங்கர் அவற்றைப் பொருத்திய பிறகுதான் முழு நிரல் வரும். முழு நிரலில் ஓரிடத்தில் ஒரேயொரு கட்டளை, வெறும் நான்கு பைட், கூடினாலும் அதற்கு அப்பால் உள்ளவை எல்லாம் தள்ளிப்போய்விடும். ஒழுங்கையின் தொடக்கத்தில் ஒரு வீடு புதிதாக வந்ததும் மற்ற எல்லா வீட்டு இலக்கங்களும் மாறுவதைப் போல, முகவரிகள் எல்லாம் மாறும். பிழை ஒன்று, தெரிவதோ ஆயிரம். ஒப்ஜெக்ட் கோப்பில் முகவரி இன்னும் எழுதப்பட்டிருக்காது. அந்த இடத்தில் இன்ன பெயருடையதன் முகவரி வரவேண்டும் என்ற ரீலொகேஷன் குறிப்பு மட்டும் இருக்கும். பெயரோடு பெயரை ஒப்பிடலாம் என்பதால் பிழை இருக்கும் இடம் பிடிபடும். பழைய கேமோடு ஒப்ஜெக்ட் கோப்புகள் வருவதில்லை. முதலில் முழு நிரலையும் வெட்டி அந்தத் துண்டுகளை உருவாக்க வேண்டும். அந்த வேலைக்கே தம்பிக்கு மூன்று வாரம் போயிருக்கிறது.

இப்படிச் செய்பவர் இவர் ஒருவர் மட்டும் இல்லை. 1996இல் வந்த சூப்பர் மாரியோ 64 கேமின் நிரலை இதே முறையில் எழுதி 2019இல் வெளியிட்டார்கள். 1998இன் ஒகரினா ஒஃப் டைம் 2021 நவம்பரில் முடிந்தது. அவற்றைச் செய்தவர்கள் சம்பளத்துக்குச் செய்யவில்லை.

"சரி, இதற்கு வேலை கிடைக்குமா?" என்று தம்பியின் அப்பா கேட்பார். ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் என்ற பொறியியலாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழமையைவிட ஏறத்தாழ அரை விநாடி கூடுதலாக எடுப்பதைக் கவனித்தார். அதைத் தேடிப்போனபோது, லினக்ஸ் கணினிகளில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் என்ற சுருக்கக் கருவிக்குள் யாரோ பின்கதவு, அதாவது களவாக உள்ளே நுழையும் வழி, வைத்திருப்பது தெரியவந்தது. வாசிக்கக்கூடிய மூலநிரலில் அது இருக்கவில்லை. சோதனைக் கோப்புகளுக்குள், ஏற்கெனவே கொம்பைல் செய்யப்பட்ட ஒரு ஒப்ஜெக்ட் கோப்பாக ஒளித்துவைக்கப்பட்டு, நிரலைக் கட்டும் நேரத்தில் உள்ளே சேர்க்கப்பட்டது. எழுதியிருப்பதும் கட்டி வந்திருப்பதும் ஒன்றுதானா என்று பைட் கணக்கில் பார்க்கத் தெரிந்தவர்கள் உலகத்துக்கு எவ்வளவு தேவை என்பதற்கு இதைவிட எனக்கு வேறு சான்று வேண்டியதில்லை. தீங்கு நிரல்களை ஆராய்வது, கொம்பைலர் உருவாக்குவது, கருவிகளுக்குள் இருந்து அவற்றை இயக்கும் ஃபேர்ம்வெயார் என்ற நிரலைப் பரிசோதிப்பது எல்லாம் இந்தக் கண் வேண்டிய தொழில்கள்.

யாழ்ப்பாணத்தில் இந்த வேலைகளுக்கு விளம்பரம் வருவது அரிது. இங்கே நான் காணும் வெற்றிடங்களில் பெரும்பாலானவை வலைத்தளமும் கைபேசிச் செயலியும் செய்யும் இடங்களில்தான். கொழும்பிலும் குறைவு. வெளிநாட்டு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்வது, அல்லது மேற்படிப்புக்குப் போவது என்ற இரண்டு வழிகளைத்தான் நான் முதலில் பார்க்கிறேன். இரண்டுக்கும் பட்டம் வேண்டும், நல்ல ஜிபிஏ, அதாவது பாடங்களின் சராசரித் தரப்புள்ளி, வேண்டும். இந்த இடத்தில் நான் உங்கள் பக்கம். புள்ளிவிபரவியலில் மீள்பரீட்சை எழுத வேண்டி வந்தது தம்பியின் தவறுதான். அதை அவரிடமும் சொன்னேன். மீள்பரீட்சை முடியும் வரை இரவு பதினொரு மணிக்கு மடிக்கணினியை மூடுவதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். தயவுசெய்து அதைப் பறித்து வைக்க வேண்டாம். சொன்ன சொல்லை அவரே காப்பாற்றட்டும்.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். கேமின் உரிமை அந்த நிறுவனத்துடையது. எங்கள் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் கணினி நிரலுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு அளிக்கிறது. 2021இல் கிராண்ட் தெஃப்ட் ஓட்டோ வரிசையின் இரண்டு கேம்களை இப்படித் திரும்ப எழுதியவர்கள் மீது அந்த வரிசையின் உரிமையாளரான டேக்-டூ நிறுவனம் அமெரிக்காவில் வழக்குப் போட்டது. ஆகவே கேமின் படங்களையும் இசையையும் யாருக்கும் கொடுக்கக் கூடாது. கட்டிமுடித்த கேமைப் பதிவேற்றக் கூடாது. கசிந்த மூலநிரல் எங்காவது கிடைத்தால் திறந்தும் பார்க்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதைத் தம்பி எனக்கு முன்பே சொல்லிவிட்டார். அவர்களுடைய குழுவில் அதுதான் முதல் விதியாம். எனக்கு அது பெரிய நிம்மதி.

அடுத்த வருடம் கணினிக் கட்டமைப்பும் கொம்பைலரும் பாடங்களாக வரும்போது அவற்றை விட்டுவிடாமல் எடுக்கச் சொல்லுங்கள். புதியவர்களைத் திறந்தமூல மென்பொருள் எழுதப் பழக்கும் கூகிள் சமர் ஒஃப் கோட் திட்டத்தில் எல்எல்விஎம் போன்ற கொம்பைலர் திட்டங்களும் சேர்ந்து வந்திருக்கின்றன. அதற்கு விண்ணப்பிக்க இப்போதிருந்தே ஆயத்தமாகலாம். விண்ணப்பத்தில் கேம் என்ற சொல்லைப் பெரிதாகப் போட வேண்டியதில்லை. எத்தனை ஃபங்ஷன்களைப் பொருத்தினார், எதில் எத்தனை நாள் சிக்கினார், எப்படி வெளியே வந்தார் என்று ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதட்டும். அதையே தமிழில் இன்னொரு பக்கம் எழுதி உங்களுக்கும் அப்பாவுக்கும் வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அப்பாவும் வரட்டும். மடிக்கணினியும் வேண்டும், மீள்பரீட்சை விண்ணப்பப் படிவமும் வேண்டும். இம்முறை நீங்கள் வெளியே இருக்க வேண்டாம். தம்பிக்குப் பக்கத்தில், திரை தெரியும் கதிரையில் இருங்கள்.