குளிசை நோவுக்கு, வாய் ஏன் காயுது?

கேள்வி: டொக்டர், அம்மாவுக்கு நரம்பு நோவுக்கு இரவில அமிட்ரிப்டிலின் குளிசை தந்திருக்கினம், நோ குறைஞ்சிட்டுது, ஆனா விடிய எழும்பேக்க நாக்கு மேலண்ணத்தில ஒட்டிக் கிடக்குதாம், தலைமாட்டில ரெண்டு தண்ணிப் போத்தல். நோவுக்குக் குடுத்த மருந்துக்கு வாயில என்ன வேலை?
- ஒரு மகள், வெள்ளவத்தை

பதில்: நியாயமான கேள்வி தங்கச்சி. ரிசெப்டர் எண்டா செல்லில இருக்கிற பூட்டு மாதிரி, இந்தக் குளிசையோ கண்ட பூட்டுக்குள்ள எல்லாம் போய்ச் செருகிற பழைய சாவி. எச்சில் சுரப்பியில இருக்கிற, எச்சிலைச் சுரக்கச் சொல்லுற மஸ்கரினிக் ரிசெப்டரையும் அடைச்சுப் போடும், வாய் காயும். ஹிஸ்டமின் ரிசெப்டரையும் பிடிக்கும், நித்திரை தூக்கும்.

ஒண்டை மட்டும் பிடிக்கிற மருந்து செய்யலாம்தானே எண்டு கேப்பியள். மஸ்கரினிக்கிலயே எம்1 முதல் எம்5 வரை 5 வகை, சாவித் துவாரம் அஞ்சிலயும் கிட்டத்தட்ட ஒண்டுதான், அதுதான் பெரிய தலையிடி. அதால அந்தத் துவாரத்தை விட்டுட்டு, வகைக்கு வகை வித்தியாசமா இருக்கிற பக்கத்துப் பள்ளத்தை ஆராய்ச்சிக்காரர் தேடுகினம். 2024இல அமெரிக்காவில ஸ்கிட்சோஃப்ரினியா எண்ட மனநோய்க்கு அனுமதிச்ச, ரெண்டு மருந்து சேந்த குளிசையில வேற கெட்டித்தனம்: சேனோமெலின் மூளையில இருக்கிற மஸ்கரினிக் ரிசெப்டரில வேலை செய்யும், கூட வாற ட்ரோஸ்பியம் மூளைக்குள்ள பெரிசாப் போகாம, வயித்துக்குள்ள சேனோமெலின் செய்யிற குழப்படியைக் குறைக்கும். எனக்குப் பிடிச்ச யோசனை.

அம்மாவின்ர குளிசையை நீங்களா நிப்பாட்ட வேண்டாம். எழுதின டொக்டரோட டோஸ் பற்றிக் கதையுங்கோ, கண்ணில பிரஷர் இருந்தா அதையும் கட்டாயம் சொல்லுங்கோ.