சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 34, என் துணைக்கு 31. இரண்டு ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்கிறோம். எங்கள் உறவில் பிடிஎஸ்எம், அதாவது ஒருவர் ஆள ஒருவர் பணியும் பாலியல் விளையாட்டு, உண்டு. இருவரும் பேசி, விரும்பி ஏற்றுக்கொண்டதுதான். ஆளும் பங்கு என்னுடையது, பணியும் பங்கு அவளுடையது. இப்போது தன் கழுத்தில் ஒரு காலர் அணிவிக்கும்படி கேட்கிறாள். எஃகு வளையம், பூட்டு, ஒரே சாவி, அதுவும் என்னிடம் மட்டும் இருக்க வேண்டும் என்கிறாள். 'நான் உன்னுடையவள் என்பது எந்நேரமும் எனக்குத் தெரிய வேண்டும்' என்கிறாள். விளையாட்டின்போது தோல் பட்டை அணிவது எங்களுக்குப் புதிதல்ல. இது வேறு மாதிரி என்று மனம் சொல்கிறது. மறுத்தால் உடைந்துபோவாள், ஒப்புக்கொள்ளவும் பயமாக இருக்கிறது. காலருக்கு உண்மையில் என்ன பொருள்? எப்போதும் கழுத்தில் இருப்பது பாதுகாப்பானதா? இப்படிக் கேட்பது மனநோயின் அறிகுறியா?

பதில்: காலரைப் பற்றி எனக்கு வரும் கேள்விகளில் பெரும்பாலானவை அதை அணியப் போகிறவர்களிடமிருந்து வருபவை. அணிவிக்கப் போகிறவர் பயந்து எழுதுவது அரிது. அந்தப் பயத்தை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொள்கிறேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இல்லை, இது மனநோய் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு, வழக்கத்துக்கு மாறான பாலியல் ஈடுபாட்டையும் மனநலக் கோளாறையும் தனித்தனியாகப் பிரித்துவிட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 நோய்ப் பட்டியல் 2022இல் நடைமுறைக்கு வந்தபோது, ஒப்புதலோடு நடக்கும் இத்தகைய உறவுகளுக்கு அதில் நோய்ப் பெயரே இல்லாமல் போயிற்று. உங்கள் துணை கேட்பதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டுதான். அதைப் பின்னால் சொல்கிறேன்.

இது வேறு மாதிரி என்று உங்கள் மனம் சொன்னது சரி. ஒரே 'காலர்' என்ற சொல்லுக்குள் பல பொருட்கள் குடியிருக்கின்றன. விளையாட்டின்போது அணியும் தோல் பட்டை, அந்த ஒரு மணி நேரத்துக்கான அடையாளம். மாட்டியதும் பங்கு தொடங்குகிறது, கழற்றியதும் முடிகிறது. மறுநாள் காலை யார் குப்பையைக் கொண்டுபோய்க் கொட்டுவது என்பதில் அந்தப் பட்டைக்கு எந்தக் கருத்தும் இல்லை. உறவின் அடையாளமாக அணியும் காலர் அப்படி அலமாரிக்குத் திரும்புவதில்லை. பலர் அதைத் திருமண மோதிரத்துக்கு நிகராகக் கருதுகிறார்கள். நண்பர்களை அழைத்து, உறுதிமொழி சொல்லி, விழாவாக அணிவிப்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவே, 'ஒருவரை ஒருவர் பரிசீலித்துக்கொண்டிருக்கிறோம்' என்று சொல்லும் காலர் ஒன்று இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கும் முந்தைய நிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியார் கண்ணுக்குச் சாதாரண நகையாகத் தெரியும் மெல்லிய சங்கிலியோ கைவளையோ அணிவதும் உண்டு. அதைப் பகல் காலர் என்பார்கள்.

பரிசீலனைக் காலர், பயிற்சிக் காலர், நிரந்தரக் காலர் என்று மூன்று படிகளைத் தாண்டித்தான் போக வேண்டும், அதுதான் பழைய மரபு என்று இணையத்தில் யாராவது அடித்துச் சொன்னால் நம்பிவிடாதீர்கள். இன்று மரபு என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி, இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் ஓரினச்சேர்க்கை ஆண்கள் உருவாக்கிய தோலாடைப் பண்பாட்டைத் தன் வேராகச் சொல்லிக்கொள்கிறது. அவர்களது மோட்டார் சைக்கிள் சங்கங்களில் முன்னோடியான ஒன்று 1954இல் லாஸ் ஏஞ்சலிஸில் தோன்றியது. அங்கேயும் எல்லாருக்கும் பொதுவான ஒரு சட்டப் புத்தகம் இருந்ததில்லை. குழுவுக்குக் குழு வழக்கம் வேறுபட்டது. ஆகவே காலருக்கு என்ன பொருள் என்று என்னைக் கேட்டால், நீங்கள் இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதுதான் அதன் பொருள் என்பேன். சொல்லாமல் விட்ட இடத்தில், அவர் மனதில் ஒரு பொருளும் உங்கள் மனதில் வேறொரு பொருளும் சத்தமில்லாமல் வளரும்.

'உன்னுடையவள்' என்கிறார் அல்லவா, அந்தச் சொல்லோடு சற்று நிற்கிறேன். பண்டைய ரோமில் அடிமையின் கழுத்தில் மாட்டப்பட்ட உலோக வளையம் ஒன்று கிடைத்திருக்கிறது. அதில் தொங்கும் தகட்டில் லத்தீனில் பொறித்திருப்பதன் சாரம் இது: நான் ஓடிவந்துவிட்டேன், என்னைப் பிடித்து என் எஜமானன் ஸோனினஸிடம் ஒப்படைத்தால் உனக்கு ஒரு பொற்காசு கிடைக்கும். அந்த மனிதர் தம் கழுத்து வளையத்தைத் தாமாகக் கழற்ற முடியாது என்பதுதான் அதன் முழுப் பொருளும். உங்கள் வீட்டில் வரப்போகும் வளையம் அந்த வரலாற்றின் வடிவத்தைக் கடன் வாங்குகிறது, தவறில்லை. வடிவத்திலிருந்துதான் அதற்கு ஈர்ப்பே வருகிறது. ஆனால் உங்கள் துணையால் எந்த நொடியிலும் அதைக் கழற்ற முடிய வேண்டும். அந்த வசதி இல்லையென்றால், வடிவத்தோடு உள்ளடக்கத்தையும் கடன் வாங்கியதாகிவிடும். உங்கள் பயம் காலரைவிடச் சாவியில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

நடைமுறைக் காரணங்கள் வேறு இருக்கின்றன. நீங்கள் வெளியூரில் இருக்கும்போது அவருக்கு ஒவ்வாமையால் கழுத்து வீங்கலாம். விபத்தில் மயங்கிய நிலையில் மருத்துவமனைக்குப் போனால், மூச்சுக்குழாய்க்குள் குழாய் செலுத்த வேண்டிய மருத்துவர்களுக்கு அந்த வளையம் குறுக்கே நிற்கும். எம்ஆர்ஐ அறைக்குள் உலோகத்தோடு விடமாட்டார்கள். கழுத்தில் இருக்கும் எஃகு வளையத்தைக் கழுத்துக்குக் காயமில்லாமல் வெட்டுவது, அதற்கென்று கருவி வைத்திருக்கும் மீட்புப் பணியாளர்களுக்கே எளிதல்ல. ஒரே சாவி என்ற ஏற்பாட்டை நான் எந்தச் சூழ்நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அதற்காக அவருடைய ஆசையின் அழகைக் கெடுக்க வேண்டியதில்லை. இரண்டாவது சாவியை ஓர் உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இருவரும் கையெழுத்திடுங்கள். உறை அவருடைய கைப்பையில் எப்போதும் இருக்கட்டும். தேவைப்பட்டால் யாரையும் கேட்காமல் கிழிக்கலாம். கிழித்ததற்குத் தண்டனை கிடையாது, அன்று மாலை உட்கார்ந்து பேசுவது மட்டும் உண்டு. சில எஃகு காலர்கள் சாவிக்குப் பதில் சிறிய அறுகோணத் திருகாணியால் மூடப்படுகின்றன. அப்படி வாங்கினால் அதற்குரிய திருகுச்சாவியும் அவரிடம் இருக்க வேண்டும். வாங்கிய அன்றே, உங்கள் உதவி இல்லாமல், கண்ணாடி முன் நின்று அவரே கழற்றிப் பார்க்கட்டும். தலையாட்டினால் போதாது, செய்து பார்க்க வேண்டும்.

இனி கழுத்து. உடம்பில் விளையாட்டுக்கு இடம் கொடுக்காத பகுதி எது என்று கேட்டால் கழுத்து என்றுதான் சொல்வேன். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனிகள் கழுத்தின் இரு பக்கமும் தோலுக்கு வெகு அருகில் ஓடுகின்றன. இரண்டும் ஒருசேர அழுந்தினால் சுமார் பத்து நொடியில் நினைவு தப்பும். அந்தத் தமனி பிரியும் இடத்தில் ரத்த அழுத்தத்தை உணரும் ஒரு பகுதி இருக்கிறது. அது அழுந்தினால் சிலருக்கு இதயத் துடிப்பு சட்டென்று குறைந்து மயக்கம் வரும். தமனியின் உட்சுவர் கிழிந்து, அதில் ரத்தம் உறைந்து, சில மணி நேரமோ சில நாட்களோ கழித்துப் பக்கவாதம் வந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. வெளியே ஒரு சிவப்புத் தடம்கூட இல்லாமல் இது நடக்கலாம்.

எனவே எந்நேரமும் அணியும் எஃகு வளையத்தில் வார் மாட்டி இழுக்கவே வேண்டாம். கட்டில், கதவு, தூண் எதனோடும் அதைப் பிணைக்கக் கூடாது. இழுப்பது உங்கள் விளையாட்டின் ஒரு பகுதி என்றால், மார்பையும் தோள்களையும் சுற்றிவரும் வார்க்கட்டில் வாரை மாட்டுங்கள். இழுவிசை எலும்புக்கூட்டில் விழும், குரல்வளையில் விழாது. எப்போதாவது கழுத்து அழுந்திய பிறகு குரல் கரகரத்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, தலை சுற்றினாலோ, கை கால் ஒரு பக்கம் வலுவிழந்தாலோ நேரே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். மருத்துவரிடம் கதை கட்டுவதால் வீணாகும் அரை மணி நேரம் விலை உயர்ந்தது.

அணிந்தபின் வளையத்துக்கும் தோலுக்கும் இடையே இரண்டு விரல்கள் தாராளமாக நுழைய வேண்டும். ஓடும் இயந்திரங்களுக்கு அருகில் வேலை என்றால் அணியவே கூடாது. மலிவான உலோகத்தில் உள்ள நிக்கல் பலருக்கு அரிப்பையும் தடிப்பையும் தரும். 316எல் வகைத் துருப்பிடிக்காத எஃகு பெரும்பாலோருக்கு ஒத்துக்கொள்ளும். காதணி போட்டாலே புண்ணாகும் தோல் என்றால் டைட்டானியம் நல்லது. தோல் பட்டை என்றால் நனைந்ததும் கழற்றி உலர்த்த வேண்டும்.

உடம்பைப் பற்றியது இவ்வளவுதான். மனதைப் பற்றியது கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது.

அவர் இதை எப்போது கேட்டார்? தீவிரமான ஒரு விளையாட்டு முடிந்து உங்கள் தோளில் சாய்ந்திருந்தபோதா, சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தபோதா? முதலாவது என்றால் அந்தக் கோரிக்கையை மரியாதையோடு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், முடிவெடுக்காதீர்கள். அந்நேரத்து மிதப்பில் மனிதர்கள் ஆயுளையே எழுதிக் கொடுப்பார்கள். ஓரிரு நாள் கழித்து மனம் சோர்ந்து கீழே இறங்குவதும் இயல்பு. அந்தச் சோர்வும் கடந்து, சாதாரணமான ஒரு பகல் பொழுதில் மறுபடியும் கேட்கிறாரா என்று பாருங்கள்.

கேட்டால், அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன. காலர் வந்தபிறகு திங்கட்கிழமை காலையில் என்ன மாறும்? பணம், நண்பர்கள், வேலை பற்றிய முடிவுகளில் நான் தலையிட வேண்டும் என்று எதிர்பார்க்கிறாயா, கூடாது என்று நினைக்கிறாயா? உனக்கு உடம்பு சரியில்லாத நாளில்? நாம் சண்டை போட்ட நாளில்? என்னிடமிருந்து எதை எதிர்பார்க்கிறாய்? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். காலர் அணிகிறவரைக் கட்டுகிறது என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் அணிவிக்கிறவரைத்தான் அது இறுக்கமாகக் கட்டுகிறது. கவனிப்பேன், தவறினால் ஒப்புக்கொள்வேன், சலித்துப்போனால் மறைக்க மாட்டேன் என்று நீங்கள் வாக்குக் கொடுக்கிறீர்கள். அறிமுகமான வாரத்தில் போட்டு அடுத்த வாரம் பிய்த்து எறிவதை இந்த வட்டாரத்தில் 'வெல்க்ரோ காலர்' என்று கிண்டல் செய்வார்கள். கிண்டலில் நியாயம் இருக்கிறது.

தொடக்கத்தில் 'பின்னால் சொல்கிறேன்' என்றேனே, அது இதுதான். 'ஒரே சாவி' என்பதை அவர் ஏன் வலியுறுத்துகிறார்? அந்தக் கற்பனையின் சுவைக்காகவே இருக்கலாம். அப்படியானால் கையெழுத்திட்ட உறை அவருக்கும் பிடித்துப்போகும். ஆனால் நீங்கள் விட்டுப் போய்விடுவீர்களோ என்ற அச்சம் அதன் அடியில் இருந்தால், எந்த எஃகும் அதை ஆற்றாது. அண்மையில் ஏதாவது பெரிய சண்டை, பிரிவு பற்றிய பேச்சு, அவர் வாழ்வில் ஓர் இழப்பு நடந்திருக்கிறதா என்று யோசியுங்கள். நடந்திருந்தால் அதைப் பற்றி முதலில் பேசுங்கள், தேவையானால் ஓர் ஆலோசகர் முன்னிலையில். காலர் காத்திருக்கட்டும்.

காலர் அணிந்ததால் பாதுகாப்புச் சொல், அதாவது சொன்ன உடனே எல்லாவற்றையும் நிறுத்த வேண்டிய சொல், காலாவதியாவதில்லை. 'இனி எனக்கு அது வேண்டாம்' என்று அவரே சொன்னாலும் நீங்கள் ஏற்கக் கூடாது. காலருக்கோ அதோடு எழுதிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கோ நீதிமன்றத்தில் மதிப்பில்லை. அன்று இங்கிலாந்தின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 1993இல் ஒரு வழக்கில், பாலியல் இன்பத்துக்காக உண்மையான காயம் ஏற்படுத்தினால் ஒப்புதல் இருந்தது என்று வாதிட்டுத் தப்ப முடியாது என்றே தீர்ப்பளித்தது. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உங்கள் நாட்டின் நிலையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

காலர் எப்படி முடிவுக்கு வரும் என்பதையும் அணிவிக்கும் முன்பே பேசிவிடுங்கள். அபசகுனம் என்று ஒதுக்காதீர்கள். இருவரில் யாரும் காரணம் சொல்லாமலே முடித்துக்கொள்ளலாம், வளையத்தை யார் வைத்துக்கொள்வது என்பது வரை தெளிவாக இருக்கட்டும். இன்னொன்று, கோபத்தில் 'கழற்றிக் கொடு' என்று மிரட்டுவதை இருவருமே செய்யக் கூடாது. ஒவ்வொரு சச்சரவிலும் விவாகரத்து என்ற சொல்லை எடுக்கும் தம்பதியரைப் பார்த்திருப்பீர்கள். அதே விஷம்தான் இது.

இவ்வளவுக்குப் பிறகும் உங்களுக்குத் தயக்கம் இருந்தால் அணிவிக்காதீர்கள். இரக்கப்பட்டு அணிவித்த காலர் ஒரு பொய், அது என்றாவது அவருக்குத் தெரிந்துவிடும். 'வேண்டாம்' என்று சொல்லி எழுந்து போகாமல், எதற்கு நீங்கள் தயார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். பூட்டில்லாத மெல்லிய சங்கிலியை மூன்று மாதத்துக்கு, முடியும் தேதி குறித்து, பரிசீலனைக் காலராக அணிவிக்கலாம். அந்தத் தேதியில் இருவரும் மறுபடியும் உட்கார்ந்து, தொடர்வதா என்று பேசலாம்.

எஃகுதான் என்று முடிவானால், உடனே அளவெடுத்துச் செய்யச் சொல்லிவிட வேண்டாம். அதே எடையுள்ள மலிவான வளையம் ஒன்றை வாங்கி, முதல் நாள் இரண்டு மணி நேரம், பிறகு ஒரு முழுப் பகல், கடைசியாக ஓர் இரவு என்று அணிந்து பார்க்கட்டும். தூங்கும்போது தோள்பட்டை எலும்பில் எங்கே அழுத்துகிறது, குனிந்தால் எங்கே உறுத்துகிறது என்பதை அவரே குறித்து வைத்துக்கொள்ளட்டும். கழுத்தளவை அந்தக் குறிப்புகளைப் பார்த்த பிறகு எடுங்கள், இரண்டு வேறு நாட்களில்.