மசாலா வேனும் பழைய வழக்கும்

கேள்வி: மசாலா அரைத்து விற்கும் தொழில் எனக்கு. டெலிவரி வேனுக்கு ஓட்டுநர் ஒருவரை எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டேன். அப்புறம் போலீஸ் சான்றிதழைப் பார்த்தால், 14 வருடத்துக்கு முன்பு கடையில் திருடி அபராதம் கட்டியவர்! வேலை இல்லை என்றேன். வழக்குப் போடுவாராம். திருடனுக்கும் சட்டப் பாதுகாப்பா?
– வாசகர், சாட்ஸ்வொர்த், டர்பன்

பதில்: திருடினார், பிடிபட்டார், அபராதம் கட்டினார். அந்தக் கணக்கு அப்போதே முடிந்தது. நீங்கள்தான் பேரேட்டை மூடவில்லை.

தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் வருட வேலைவாய்ப்புச் சமத்துவச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் இனம், பாலினம், மதம் என்று நீளும் பட்டியலில் 'பழைய தண்டனை' இல்லைதான். ஆனால் 'வேறு எந்தத் தான்தோன்றித்தனமான காரணமும்' கூடாது என்று 2014 முதல் அதில் சேர்த்திருக்கிறார்கள். 2024இல் கெபேஹா (பழைய போர்ட் எலிசபெத்) தொழிலாளர் நீதிமன்றம் அந்த வரியைப் பிடித்துக்கொண்டது. இருபது வருடத்துக்கும் மேல் பழைய தண்டனையைக் காட்டி, தருவதாகச் சொன்ன வேலையை மறுத்தது தவறு என்று தீர்ப்பளித்தது.

இதற்காகக் குழந்தைகளிடம் தப்பாக நடந்தவரைப் பள்ளி பஸ் ஓட்ட வைக்கச் சொல்லவில்லை. அந்தக் குற்றத்துக்கும் இந்த வேலைக்கும் என்ன சம்பந்தம் என்பதுதான் கேள்வி. உங்கள் ஓட்டுநர் கடை கடையாகப் பணம் வசூலிப்பார் என்றால், சொல்ல உங்களுக்கு ஒரு வாதமாவது இருக்கும். மஞ்சள்தூள் மூட்டையை இறக்கிவிட்டு வருவதற்கு? நிரூபிக்கும் பொறுப்பு அவருடையது என்பது உண்மை. அதை நம்பி நிம்மதியாகத் தூங்காதீர்கள். வேலைத் தகராறுகளைத் தீர்த்துவைக்கும் சிசிஎம்ஏ அமைப்புக்குப் போக அவருக்கு ஆறு மாதம் இருக்கிறது.

தில்லையாடி வள்ளியம்மைக்கு மாலை போடுகிறோம். 1913இல் காந்தியின் போராட்டத்தில் மூன்று மாதக் கடுங்காவல் பெற்ற அவரும் அரசாங்க ஏட்டில் குற்றவாளிதான். அது சத்தியாக்கிரகம், இது திருட்டு என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். காகிதத்தை மட்டும் பார்த்தால் அந்த வித்தியாசம் தெரியாதே!

இன்னொன்று. 20,000 ராண்டுக்கு மேற்படாத அபராதம் என்றால், பத்து வருடம் கழித்து அந்தப் பதிவையே அழிக்கச் சொல்லி அரசின் நீதி அமைச்சகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நடுவில் அபராதம் கட்டித் தப்பிக்க வழியில்லாத சிறைத்தண்டனை எதுவும் பெற்றிருக்கக் கூடாது. தானாக அழியாது, கேட்க வேண்டும். பலருக்கு இது தெரியாமலே போகிறது. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. படிவத்தை நீங்களே வாங்கி அவரிடம் கொடுக்கலாம். வேன் இன்னும் வாசலில்தானே நிற்கிறது?