விட்டுப்போன ஓட்டத்துக்கு வட்டி கட்டாதீங்க

வணக்கம் அண்ணா,

நீங்க ஓடறத பத்தி எழுதினதெல்லாம் படிச்சுட்டுதான் நானும் ஷூ வாங்கினேன், அதனால இந்தத் தலைவலில உங்களுக்கும் பங்கு இருக்கு. எனக்கு வயசு 38. பொண்ணுக்கு 11, பையனுக்கு 5. ஆபீஸ் வேலை, மாசக் கடைசி வந்தா ராத்திரி ஒன்பது பத்து வரைக்கும் லேப்டாப்தான். மாமியாருக்கு முட்டி ஆபரேஷன் ஆகி இப்பதான் மெல்ல நடக்கறாங்க. ஒன்றரை வருஷமா வாரம் மூணு நாள் ஓடறேன், கிலோமீட்டருக்கு ஏழரை நிமிஷம் ஆகும், ஒரு தடவை ஹாஃப் மாரத்தான், அதான் 21 கிலோமீட்டர், முடிச்சேன், அந்த ஜோர்ல ஃபுல்லுக்கு, 42 கிலோமீட்டருக்கு, பேர் குடுத்துட்டேன்.

18 வார ப்ளான் ஒண்ணு டவுன்லோட் பண்ணி, வாரம் 5 நாள் ஓட்டம்னு எக்ஸெல்ல போட்டு வச்சேன். மூணு வாரம் எல்லாக் கட்டமும் பச்சை. நாலாவது வாரம் பையனுக்குக் காய்ச்சல், அஞ்சாவது வாரம் மாசக் கடைசி. மொத்தம் 8 ஓட்டம் போச்சு, எட்டும் சிவப்பு. கூட்டிப் பாத்தா 70 கிலோமீட்டர் பாக்கி. அத அடுத்த மூணு வாரத்துல பிரிச்சுப் போட்டு ஓடிடலாம்னு இருக்கேன், காலைல 3:45க்கு எந்திரிச்சா முடியும், ஆனா படுக்கவே 11 ஆகுது. வீட்டுக்காரர் ஒண்ணும் சொல்றதில்ல, ஆனா மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு. இன்னும் 13 வாரம்தான் இருக்கு. இதெல்லாம் என் சுயநலமா, பேசாம விட்டுடலாமா அண்ணா? பேர் போட வேண்டாம்.

—

வணக்கம்மா,

பங்கு இருக்குன்னு நீங்களே எழுதிட்டீங்க, சரி, பொறுப்போடவே பதில் சொல்றேன். முதல்ல அந்த எக்ஸெல்ல தொறந்து எட்டு சிவப்புக் கட்டத்தையும் டெலீட் பண்ணுங்க. வெள்ளையா மாத்தறது இல்ல, வரியோட டெலீட்.

உங்க லெட்டர்ல எனக்குக் கண்ணுல பட்ட வார்த்தை 'பாக்கி'. விட்டுப்போன ஓட்டம் பாக்கி இல்லம்மா. அத நீங்க யாருக்கும் திருப்பிக் கட்ட வேண்டியதில்ல, கட்டினா வாங்கிக்க ஆளும் இல்ல. ரெண்டு வாரத்துல பத்துக்கு ரெண்டு ஓட்டம் ஓடியிருக்கீங்க, ஒன்றரை வருஷமா ஓடற உடம்புக்கு இதனால போற தெம்பு ரொம்பக் கொஞ்சம், மறுபடி ஓட ஆரம்பிச்ச கொஞ்ச நாள்ல அது தானா வந்துடும். ஆனா அந்த 70 கிலோமீட்டர வர்ற வாரங்க மேல ஏத்தினீங்கன்னா என்ன ஆகும்னு எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா நான் ஏத்தினவன்.

என் முதல் மாரத்தானுக்கு ரெடியாகிட்டிருந்தப்ப ஆபீஸ் வேலையா பத்து நாள் வெளியூர். திரும்பி வந்ததும் விட்டதெல்லாம் சேத்து ஒரே வாரத்துல காலைல ஒண்ணு சாயங்காலம் ஒண்ணுன்னு ஓடித் தீத்தேன், அப்ப ஒரு வலியும் இல்ல, ரொம்பப் பெருமையா வேற இருந்துச்சு. மூணு வாரம் கழிச்சு முன்னங்கால் எலும்புல, அதாவது முட்டிக்குக் கீழ முன்பக்கம், ஒரே ஒரு இடம், விரல் வச்சுக் காட்டற அளவு சின்ன இடம், வலிக்க ஆரம்பிச்சுது. ஸ்கேன்ல எலும்புல மயிரிழை மாதிரி விரிசல். எட்டு வாரம் ஓட்டம் கிடையாது. நான் பேர் குடுத்த மாரத்தான் அன்னிக்கு நான் சோஃபால உக்காந்து கால நீட்டிக்கிட்டு இருந்தேன்.

இதுல மோசம் என்னன்னா அந்த மூணு வார இடைவெளிதான். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிடும், தசை அதுக்கடுத்து, எலும்பும் தசைநாரும் ரொம்பச் சோம்பேறி. புதுசா பாரம் ஏத்தினா எலும்பு தன்ன பலப்படுத்திக்கும், ஆனா அது எப்படின்னா முதல்ல பழசக் கொஞ்சம் இடிச்சு எடுக்கும், அப்புறம்தான் புதுசு வச்சுக் கட்டும். வீட்டுல சுவர இடிச்சுட்டுக் கொத்தனார் வராம போனா எப்படி இருக்கும், அந்த நிலைமைல எலும்பு சில வாரம் இருக்கும். மூச்சு வாங்கல, கால் வலிக்கல, அதனால நமக்கு ஒண்ணும் ஆகலன்னு நினைச்சு அந்த நேரம் பாத்து இன்னும் பாரம் ஏத்துவோம், அப்பதான் விரிசல் விடும். முன்னங்கால் முழுக்கப் பரவலா வலிச்சா ரெண்டு மூணு நாள் ரெஸ்ட் எடுத்து, தூரத்தக் குறைச்சுப் பாக்கலாம். ஒரு விரல் வச்சுக் காட்டற இடத்துல வலி, ஒத்தக் கால்ல குதிச்சா சுருக்குனு வருது, இல்ல ராத்திரி படுத்திருக்கப்பவும் வலிக்குதுன்னா அன்னிக்கே நிறுத்திட்டு டாக்டர்கிட்ட போங்க. என்ன மாதிரி பத்து நாள் பாத்துட்டுப் போகாதீங்க.

அடுத்து இந்த 3:45 அலாரம். சொன்னா கோவப்படுவீங்க. பதினொண்ணுக்குப் படுத்து மூணே முக்காலுக்கு எந்திரிச்சா அஞ்சு மணி நேரம் கூட இல்ல. ஓடறப்ப உடம்பு தேயுது, தூங்கறப்பதான் அது சரியாகுது. தூக்கத்துல கை வச்சு ஓட்டத்த சேத்தா தேய்மானம் மட்டும்தான் மிச்சம், அதோட அஞ்சு வயசுக் குழந்தை இருக்கற வீட்டுல தூக்கம் இல்லாத அம்மா எப்படி இருப்பாங்கன்னு உங்களுக்கே தெரியும். விடியறதுக்கு முன்னாடி ஷூ ஃபோட்டோ போட்டு 'நீங்க தூங்கறப்ப நான் ஓடறேன்'னு எழுதறவங்கள நானும் பாக்கறேன், அதுல பாதிப்பேர் ஒன்பது மணிக்கே படுத்திருப்பாங்க, அத மட்டும் எழுத மாட்டாங்க.

வேலைக்குப் போய்ட்டே ஓடினவங்கன்னா எனக்கு உடனே ஞாபகம் வர்றது ஜப்பான்காரர் யூகி கவாவுச்சி. சைட்டாமாங்கற மாகாணத்துல அரசாங்க வேலை, ஒரு பள்ளிக்கூடத்துல முழுநேரமா ஆபீஸ் வேலை. 2018 பாஸ்டன் மாரத்தான்ல கொட்டற மழையும் குளிரும் எதிர்காத்தும் அடிச்சப்ப, ஓடறதையே தொழிலா வச்சிருந்தவங்க பலர் பாதியிலயே ஓட்டத்த நிறுத்த, இவர் 2 மணி 15 நிமிஷம் 58 செகண்டுல ஜெயிச்சார். அடுத்த வருஷம்தான் வேலைய விட்டு முழுநேர ஓட்டக்காரர் ஆனார். அவர் கால் உங்களுக்கும் இல்ல எனக்கும் இல்ல, அத விடுங்க. நான் பாக்கறது வேற: அவருக்கு வேலை மதியம் ஆரம்பிச்சு ராத்திரி வரைக்கும், அதனால காலைல ஓடினார். தொழில்முறை ஆளுங்க ஒரு நாளைக்கு ரெண்டு வேளை ஓடறப்ப இவருக்குக் கிடைச்சது பெரும்பாலும் ஒரு வேளைதான், அந்த ஒரு வேளைக்குள்ள தன் பயிற்சிய அடக்கினார். அவர் நாளுக்கு ஏத்த ப்ளான் அவருது. நீங்க டவுன்லோட் பண்ணது யாரோட நாளுக்குப் போட்டதோ, உங்க நாளுக்கு இல்ல. காய்ச்சலே வராத குழந்தையும் மாசக் கடைசியே வராத ஆபீஸும் இருக்கற ஆளுக்குப் போட்டது.

அதனால வாரம் 5 நாளத் தூக்கிப் போட்டுட்டு, ஒன்றரை வருஷமா உங்களுக்கு ஒத்துவந்த அதே 3 நாளுக்கு வாங்க. ரெண்டு நாள் சின்ன ஓட்டம், 40லேர்ந்து 60 நிமிஷம், நேரக் கணக்கு மட்டும், கிலோமீட்டர் பாக்க வேண்டாம். லஞ்ச் டைம்ல முடியுதா, பொண்ணு ஏதாவது க்ளாஸுக்குப் போற நேரத்துல வெளில சுத்தி சுத்தி ஓட முடியுதா, எங்க இடம் இருக்கோ அங்க. இருபதே நிமிஷம்தான் கிடைச்சுதா, இருபது ஓடுங்க, அது சிவப்பு இல்ல. ஒரு நாள் லாங் ரன், அதாவது அந்த வாரத்துலயே நீளமான ஓட்டம். இந்த வாரம் 16 கிலோமீட்டர், அப்புறம் 18, 20, பிறகு ஒரு வாரம் 14க்கு இறங்கிடுங்க. மறுபடி 22, 24, 26, திரும்ப ஒரு இறக்கம் 16. அப்புறம் 28, 30. பத்து வாரம் ஆச்சா, கடைசி மூணு வாரம் படிப்படியா குறைச்சுக்கிட்டே வந்து ரெஸ்டோட போய் நில்லுங்க. இந்தக் கடைசி மூணு வாரத்துலதான் எல்லாருக்கும் கை பரபரங்கும், விட்டதெல்லாம் ஓடிடலாம்னு, அப்ப இந்த லெட்டர இன்னொரு தடவை எடுத்துப் படிங்க.

நடுவுல ஒரு லாங் ரன் போச்சுன்னா போனது போனதுதான், அடுத்த வாரத்துக்கு எழுதியிருக்கறத ஓடுங்க. தொடர்ந்து ரெண்டு போச்சுன்னா கடைசியா எத ஓடி முடிச்சீங்களோ அதையே திரும்ப ஓடி அங்கேர்ந்து தொடருங்க, 30க்குப் பதிலா 28ல நின்னாலும் பெரிய நஷ்டம் இல்ல. எல்லாமே பக்கத்துல வர்ற ஆள்கிட்ட முழு வாக்கியமா பேச முடியற வேகத்துல. மூச்சு இரைச்சா நடங்க. அஞ்சு நிமிஷம் ஓட்டம் ஒரு நிமிஷம் நடைன்னு ஆரம்பத்துலேர்ந்தே வச்சுக்கிட்டு முடிச்சவங்க ஏராளம், அத யாரும் கேவலமா பாக்கறதில்ல, பாத்தா பாத்துட்டுப் போறாங்க. பல்லு விளக்கறப்ப குதிகாலத் தூக்கித் தூக்கி இறக்குங்க, கெண்டைக்காலுக்கு அதுக்கு மேல ஜிம் வேண்டாம்.

30 மட்டும் ஓடிட்டு 42 எப்படி ஓடறதுன்னு கேப்பீங்க. மிச்சம் 12 கிலோமீட்டர பயிற்சில ஓடினா சோர்வும் காயமும்தான் அதிகம் வரும், அதுக்காக ரெண்டு வாரம் படுக்கணும். உடம்புல சேத்து வச்ச மாவுச்சத்து பொதுவா 30 கிலோமீட்டர் பக்கம் வர்றப்ப தீர்ற நிலைமைக்கு வந்துடும், 'வால்'ல (wall, சுவர்) முட்டினேன்னு ஓடறவங்க சொல்றது பெரும்பாலும் இதத்தான். அதனால ஓடறப்பவே மணிக்கு 30லேர்ந்து 60 கிராம் மாவுச்சத்து உள்ள போகணும், ஓடறவங்க சாப்பிடற எனர்ஜி ஜெல்லோ பழமோ வயிறு எத ஏத்துக்குதோ அத, லாங் ரன்லயே பழக்கிப் பாத்துடுங்க. தண்ணி தாகத்துக்குக் குடிங்க, போதும். நீங்க அஞ்சே கால் மணி நேரம் ஓடற ஆள், ஒவ்வொரு ஸ்டால்லயும் நின்னு நின்னு குடிச்சா ரத்தத்துல உப்பு நீர்த்துப்போய் ஆபத்தாகிடும். மெதுவா ஓடறவங்களுக்குத்தான் இது அதிகமா நடக்குது.

இந்த 42.195ங்கற கணக்கே ஒரு கூத்து. 1896 ஏதென்ஸ் ஒலிம்பிக்ஸ்ல ஓடினது சுமார் 40 கிலோமீட்டர். 1908ல லண்டன்ல வின்ட்ஸர் கோட்டைலேர்ந்து கிளம்பி ஸ்டேடியத்துல ராஜகுடும்பம் உக்காந்திருந்த இடத்துக்கு முன்னாடி முடியற மாதிரி வச்சாங்க, அது 42.195 வந்துச்சு, 1921ல அதையே நிரந்தரமாக்கிட்டாங்க. நாப்பதத் தாண்டினதும் கால் இழுக்கறப்ப யாரத் திட்டறதுன்னு தெரியணும்ல, அதுக்காகச் சொன்னேன்.

இப்ப சுயநலம். ஆமாம்மா, கொஞ்சம் சுயநலம்தான், நான் இல்லன்னு சொல்ல மாட்டேன். லாங் ரன்னுக்கு வீடு குடுக்கற விலை வெறும் மூணு மணி நேரம் இல்ல. ஓடி வந்து குளிச்சு சாப்ட்டு சோஃபால விழுந்து, பையன் கூப்பிட்டாலும் ம்ம்னு மட்டும் பதில் வர்ற அந்த மத்தியானத்தையும் சேத்து எண்ணுங்க. என் வீட்டுல எனக்கு இத எண்ணிக் காட்டினாங்க, அதுவரைக்கும் நான் எண்ணவே இல்ல. வீட்டுக்காரர் மூஞ்சிக்கு அர்த்தத்த நீங்களே எழுதிக்காதீங்க, கேளுங்க. ஒருவேளை அவருக்கு ஓட்டம் பிரச்சினையாவே இருக்காது, இது எப்ப முடியும்னு தெரியாததுதான் பிரச்சினையா இருக்கும். மேல போட்ட கணக்குல உங்க வேகத்துக்கு மூணு மணி நேரமும் அதுக்கு மேலயும் போற நாள் மொத்தமே நாலு, 24, 26, 28, 30. அந்த நாலு தேதியையும் காலண்டர்ல வட்டம் போட்டு அவர்கிட்ட காட்டுங்க. மாசக் கடைசி வாரங்கள முதல்லயே பாத்து இறக்கத்த அங்க போடுங்க, வரிசை கொஞ்சம் மாறினாலும் பரவால்ல. லாங் ரன் சனிக்கிழமைன்னா ஞாயித்துக்கிழமை காலை அவருக்கு, அவர் தூங்கினாலும் சரி எங்கயாவது போனாலும் சரி, கேள்வி கேக்காம. மாமியார் நடக்கப் பழகறாங்கன்னீங்க, ரெஸ்ட் நாள்ல அவங்க கூட பத்து நிமிஷம் நடங்க, உங்க காலுக்கும் அந்த வேகம்தான் நல்லது.

விட்டுடலாமான்னு கேட்டதுக்கு இன்னிக்குப் பதில் வேண்டாம். 24 கிலோமீட்டர் வர்றது ஆறாவது வாரம், ரெண்டு வாரம் தள்ளிப் போனாலும் எட்டு. எட்டாவது வாரம் முடியறதுக்குள்ள அந்த 24ஐ ஓடிட்டீங்கன்னா தொடருங்க. முடியலன்னா ஹாஃபுக்கு மாத்திக்க முடியுமான்னு நடத்தறவங்களக் கேளுங்க, அதுக்குக் கடைசித் தேதி என்னன்னு இப்பவே மெயில் போட்டு வச்சுடுங்க. அதே மெயில்ல எத்தனை மணி நேரத்துக்குள்ள முடிக்கணும்னும் கேட்டுடுங்க. ஆறு மணி நேரம்னா உங்களுக்கு முக்கால் மணி நேரம் கைல இருக்கு, அஞ்சரைன்னா நாம வேற கணக்குப் போடணும்.

26 முடிச்சதும் எழுதுங்க. கால் நகம் கருப்பாகியிருந்தா பயப்படாதீங்க, அது பெரும்பாலும் ஷூ நீளம் பத்தாததாலதான், அரை சைஸ் பெருசா வாங்கி அத 28லயே போட்டு ஓடிப் பழக்கிடுங்க.