எல் நினோ: கடல் சூடானால் மழை ஏன் இடம் மாறுகிறது?

பருவமழை பற்றி வந்த கேள்விகளில் பெரும்பாலானவை எல் நினோவைச் சுற்றியே இருந்தன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடங்களில் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பெரு நாட்டுக் கரையில் கடல் சூடானால் உலகம் முழுவதும் ஏன் வானிலை தடுமாற வேண்டும்? (மதுரை, கல்லூரி மாணவி)

சூடு பெருவின் கரையோடு நின்றால் தடுமாறாது. பசிபிக்கின் நடுப்பகுதி வரை பரவும்போதுதான் தொல்லை. வழக்கமான ஆண்டுகளில் வியாபாரக் காற்று கிழக்கிலிருந்து மேற்காக வீசி, வெயிலில் சூடான மேல்நீரை இந்தோனேசியாவின் பக்கம் தள்ளிக் குவித்துவிடும். அங்கே கடல்மட்டம் தென்னமெரிக்கக் கரையைவிட ஏறத்தாழ அரை மீட்டர் உயர்ந்தே இருக்கும். மேல்நீர் விலகிய பெருக் கரையில் ஆழத்துக் குளிர்நீர் மேலே வரும். அதனுடன் வரும் சத்துகளை நம்பியே அங்கு நெத்திலி பெருகுகிறது.

காற்று தளர்ந்தால் குவிந்திருந்த வெந்நீர் கிழக்கே திரும்புகிறது. இதுதான் எல் நினோ. குளிர்நீர் மேலே வர வழியில்லாமல் போகிறது. பெருவின் நெத்திலிப் பிடிப்பு 1970இல் 1.2 கோடி டன்னைத் தாண்டியிருந்தது. 1972-73 எல் நினோவுக்குப் பின் சுமார் 20 லட்சம் டன்னாகச் சரிந்தது. அளவுமீறிப் பிடித்ததற்கும் அதில் பங்குண்டு, பழி முழுவதையும் கடல்மேல் போட முடியாது.

அடுத்தது மழை. பெருமழை தரும் மேகங்கள் மிகச் சூடான நீருக்கு மேலேதான் திரள்கின்றன. நீர் நகர்ந்தால் அவையும் நகரும். அந்த மேகங்கள் வெளியிடும் வெப்பத்தால் மேலடுக்குக் காற்றோட்டங்கள் தடம் மாறுகின்றன. பெருவின் பாலைவனக் கரையில் வெள்ளம், இந்தோனேசியாவில் வறட்சி, அட்லாண்டிக்கில் வழக்கத்தைவிடக் குறைந்த சூறாவளிகள் என்று விளைவு பல திசைகளில் போவது இதனால்தான். 1997இல் இந்தோனேசியாவின் காய்ந்த காடுகளிலும் கரிச்சதுப்பு நிலங்களிலும் பற்றிய தீயின் புகை சிங்கப்பூரையும் மலேசியாவையும் மூடியது.

முதலில் மாறுவது காற்றா, கடலா? (கோயம்புத்தூர்)

இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு போகின்றன. காற்று தளர்வதால் கிழக்குப் பசிபிக் சூடாகிறது. சூடானதால் கிழக்கு, மேற்கு அழுத்த வேறுபாடு குறைந்து காற்று மேலும் தளர்கிறது. அழுத்தம் ஊசலாடுவதை முறையாகக் கணக்கெடுத்தவர் இந்திய வானிலைத் துறைக்குத் தலைமை வகித்த கில்பர்ட் வாக்கர். பருவமழையை முன்கூட்டியே சொல்ல வழி தேடிப் போனவர் அவர். அந்த ஊசலாட்டத்தைக் கடல் வெப்பத்தோடு சேர்த்து விளக்கியவர் வானிலை அறிஞர் யாக்கோப் பியர்க்னெஸ், 1969இல்.

எல் நினோ என்றால் நம் நாட்டில் பஞ்சம் உறுதிதானே? (சேலம்)

தொலைக்காட்சிகள் ஆண்டுதோறும் கிளப்பும் இந்தப் பீதி எனக்கு எரிச்சலூட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் மிகப் பெரிய எல் நினோக்களில் ஒன்று 1997இல் வந்தது. இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை அந்த ஆண்டு சராசரியைவிடச் சற்று அதிகம். 2002இல் வந்தது அதைவிட வலுக்குறைந்தது. மழை 19 சதவீதம் குறைந்தது. 2002இல் சூடு பசிபிக்கின் நடுப்பகுதியில் மையம் கொண்டிருந்தது. 1997இல் தென்னமெரிக்கக் கரைப்பக்கம். எங்கே சூடாகிறது என்பது எவ்வளவு சூடாகிறது என்பதைப் போலவே முக்கியம்.

போதாததற்கு நம் வீட்டுக் கடலும் இருக்கிறது. இந்தியப் பெருங்கடலின் மேற்குப் பகுதி சூடாகி, சுமத்ரா பக்கம் குளிர்ந்தால் எல் நினோவின் கெடுதல் ஓரளவு ஈடுகட்டப்படலாம். 1997இல் அதுவும் நடந்தது.

தாது வருடப் பஞ்சத்துக்கும் இதுதான் காரணமா? (திருநெல்வேலி, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, மழை பொய்த்ததற்கு அது ஒரு காரணம். சென்னை மாகாணத்தில் 1876இல் தொடங்கிய பஞ்சத்தின் நடுவே, 1877இல் மிக வலுவான எல் நினோ உருவானது. அதே காலத்தில் வடகிழக்குப் பிரேசிலும் வட சீனாவும் வறண்டு மக்கள் மடிந்தார்கள். ஆனால் லட்சக்கணக்கானோர் செத்ததற்குக் கடலை மட்டும் குற்றம் சொல்ல மாட்டேன். பஞ்சத்தின் நடுவிலும் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க ஆங்கிலேய அரசு அனுப்பிய ரிச்சர்ட் டெம்பிள் நிவாரணப் பணியிடங்களில் வகுத்த கூலி, உழைக்கும் உடம்புக்குப் போதாதது. மழையைத் தடுத்தது கடல். சோற்றைத் தடுத்தது அரசு.

டெல்டா விவசாயி நான். எல் நினோ வந்தால் குறுவையும் போகும், சம்பாவும் போகும் என்கிறார்களே? (மன்னார்குடி)

இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. குறுவைக்கு மேட்டூர் தண்ணீர் வேண்டும். மேட்டூர் நிரம்பக் கர்நாடகத்தில் தென்மேற்குப் பருவமழை வேண்டும். எல் நினோ பெரும்பாலும் கை வைப்பது அதில்தான். வடகிழக்குப் பருவமழைக்கோ எல் நினோ பெரும்பாலும் சாதகம். அப்போது தென்கிழக்கு ஆசியா பக்கம் உயர் அழுத்தம் நிலவுவதால், ஈரமான கிழக்குக் காற்று தமிழகத்தையும் இலங்கையையும் நோக்கி வலுத்து வருகிறது.

எல் நினோ வந்த 2023ஐ நினைத்துப் பாருங்கள். ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்தும் நீர் போதாமல் கடைமடையில் குறுவை கருகியது. அதே ஆண்டு டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டித் தாமிரபரணி கரைபுரண்டது. ஆனால் இதையும் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்: 2021இல் லா நினா, அதாவது பசிபிக் வழக்கத்தைவிடக் குளிரும் எதிர்நிலை, இருந்தபோதும் வடகிழக்குப் பருவமழை வெளுத்து வாங்கியது.

புவி வெப்பமடைவதால்தான் எல் நினோ வருகிறதா?

இல்லை. பல்லாயிரம் ஆண்டுகளாக வந்துபோகிறது. ஏற்கெனவே சூடேறிய உலகின்மேல் இப்போது அது வந்து அமர்கிறது என்பதே வேறுபாடு.

முன்னறிவிப்பை எப்போதிலிருந்து நம்பலாம்? (மன்னார்குடி நண்பரும் வேறு சிலரும்)

1982இல் பெரிய எல் நினோ வளர்ந்துகொண்டிருந்ததையே யாரும் சரியாகக் கவனிக்கவில்லை. மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலைத் தூசு செயற்கைக்கோள்களின் கணக்கைக் குழப்பிவிட்டது. அதன் பிறகே பசிபிக்கின் பூமத்திய ரேகைப் பகுதியில் சுமார் 70 மிதவைகளை நிறுத்தி, கடலுக்கடியில் உள்ள வெப்பத்தையும் அளக்கத் தொடங்கினார்கள். இருந்தும் மார்ச் முதல் மே வரை வரும் கணிப்புகள் பலவீனமானவை. கடல் எந்தப் பக்கமும் திரும்பக்கூடிய பருவம் அது. இந்திய வானிலைத் துறை ஏப்ரலில் தரும் பருவமழைக் கணிப்பை மே இறுதியில் திருத்தித் தரும். குறுவை போடலாமா, வேண்டாமா என்பதை அந்தத் திருத்தத்தையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் பார்த்துவிட்டு முடிவுசெய்யுங்கள். சம்பாவுக்கு ஆகஸ்டு வரை பொறுக்கலாம்.