ஆல்ஃபா நன்றாக வந்துவிட்டால் ஏற்புடைமையும் வந்துவிடுமா?

“என் கேள்வித்தாளுக்கு க்ரோன்பாக் ஆல்ஃபா 0.88 வந்திருக்கிறது, இனி ஏற்புடைமையைத் தனியாகக் காட்ட வேண்டுமா?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆல்ஃபா என்பது கேள்வித்தாளின் கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; ஏற்புடைமை என்பது, அளக்க நினைத்ததைத்தான் கேள்வித்தாள் அளக்கிறதா என்பது. ஆய்வேடு கொடுக்கும் அவசரத்தில் இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கட்டாயம் காட்ட வேண்டும். இதே இடத்தில் நான் ஒரு வருடத்தை இழந்தவள்.

முதுகலையில் தனிமை உணர்வை அளக்க 20 கூற்றுகள் எழுதி, 210 பேரிடம் நிரப்பி வாங்கினேன். ஆல்ஃபா 0.91. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் ஒன்றுதான் கேட்டார்: “இது மனச்சோர்வை அளக்கவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?” என்னிடம் பதில் இல்லை. அன்றிரவு கூற்றுகளைத் திரும்பப் படித்தேன். “தூக்கம் சரியாக வருவதில்லை”, “எதிலும் மனம் ஒட்டுவதில்லை”. ஏழெட்டுக் கூற்றுகளில் அடுத்த மனிதர் என்ற பேச்சே இல்லை! அப்புறம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த தனிமை அளவுகோல் ஒன்றையும் மனச்சோர்வு அளவுகோல் ஒன்றையும் சேர்த்துக் கொடுத்து, மறுபடி தரவு எடுத்தேன். என் கேள்வித்தாளுக்குத் தனிமை அளவுகோலோடு ஒட்டுறவு (இரண்டு அளவுகள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பது; 1 என்றால் முழுப் பொருத்தம்) 0.58, மனச்சோர்வு அளவுகோலோடு 0.81. நெருங்கியிருக்க வேண்டியதை விட்டு, விலகியிருக்க வேண்டியதோடு போய் ஒட்டியிருந்தது.

கூற்றுகள் ஒன்றோடொன்று சேர்ந்து போகின்றனவா என்பதை மட்டும்தான் ஆல்ஃபா சொல்லும். ஒரே கேள்வியைச் சொல் மாற்றிப் பத்துத் தடவை கேட்டாலும் அது ஏறும். 1951இல் ஆல்ஃபா பற்றி எழுதிய அதே க்ரோன்பாக்தான், 1955இல் உளவியலாளர் பால் மீலுடன் சேர்ந்து ‘கான்ஸ்ட்ரக்ட் வேலிடிட்டி’ (நினைத்த கருத்தைத்தான் அளவுகோல் அளக்கிறதா என்ற ஏற்புடைமை) பற்றியும் எழுதினார். முதல் கட்டுரையைப் பிடித்துக்கொண்ட பலர் இரண்டாவதைத் திறப்பதே இல்லை. நான் இரண்டு ஒட்டுறவுகளை ஒப்பிட்டதற்கு அடிப்படை, 1959இல் உளவியலாளர்கள் கேம்ப்பெல்லும் ஃபிஸ்க்கும் இதைப் பற்றி எழுதிய கட்டுரை.

ஆல்ஃபா வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் சண்டைக்கு வர வேண்டாம். நம்பகத்தன்மை, அதாவது அளவு சீராக வருவது, இல்லாத அளவுகோலில் ஏற்புடைமையைப் பற்றிப் பேசவே வழியில்லை.

   

சரி, உங்களுக்கு ஒரு வாரம் இருந்தால்கூடப் பத்துப் பேரை உட்கார வைத்து, ஒவ்வொரு கூற்றையும் என்னவென்று புரிந்துகொண்டு டிக் செய்தார்கள் என்று கேளுங்கள். பிறகு அந்த 0.88ஐப் பாருங்கள்.